கிழித்தெடுக்கும் அஞ்சலட்டையோடு மடிப்புத் தாள் போர்ட்ஃபோலியோ: குறைந்த செலவில் அமைப்பது எப்படி?

கரித்துண்டு:

வணக்கம். நான் நூல்களுக்குக் கோட்டோவியமும் வண்ண அட்டைப்படமும் வரைபவள். பதிப்பகங்களின் கலை இயக்குநர்களுக்கு அஞ்சலில் அனுப்பவும், நேரில் சந்திக்கும்போது கொடுத்துவிட்டு வரவும் ஏற்ற ஒரு சிறிய போர்ட்ஃபோலியோவை, அதாவது என் படங்களின் மாதிரித் தொகுப்பை, ஒற்றைத் தாளிலேயே அமைக்க எண்ணியிருக்கிறேன். தையல், பசை, பின் எதுவும் கூடாது. மடிப்பு மட்டுமே போதும். அதன் ஒரு பகுதியைக் கிழித்தெடுத்தால் அது தனி அஞ்சலட்டையாகப் பயன்பட வேண்டும்.

ஏ4 தாளை மூன்றாக, உள்ளே மடியும் பகுதியை மட்டும் சற்றுக் குறைத்து 100, 100, 97 மி.மீ. என மடித்து, அந்த 97 மி.மீ. பகுதியை அட்டையாக்கலாம் என்பது என் முதல் எண்ணம். அட்டையில் என் முகவரியை முன்கூட்டியே அச்சிட்டுவிட்டால், பார்ப்பவர் தம் கருத்தை எழுதித் திருப்பி அனுப்பலாம். சில நூறு படிகளே தேவை. இந்த அமைப்பு சரிவருமா?

நேர்கோடு:

தொடக்கத்திலேயே ஐயத்தைச் சொல்லிவிடுகிறேன். நல்ல படம் ஒன்றைத் தனி அஞ்சலட்டையாக அச்சிட்டு, இணைய முகவரியைச் சேர்த்து அனுப்பினால் செலவு இதில் பாதிகூட ஆகாதே? மடிப்பும் பெர்ஃபரேஷனும் (கிழிப்பதற்கான துளைவரி) எதற்கு? பார்ப்பவருக்கு அவற்றால் கிடைக்கும் பயன் என்னவென்று தெரியாமல் அளவுகளைப் பேசுவதில் பொருளில்லை.

தபால்முத்திரை:

நேர்கோடு அவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு படம் ஒரு திறமையைத்தான் காட்டும். கோட்டோவியம், அட்டைப்படம் ஆகிய இரண்டையும் செய்பவருக்கு நாலைந்து படங்களாவது பக்கம் பக்கமாக இருந்தாக வேண்டும். போர்ட்ஃபோலியோ கோப்புக்குள் போய்விடும், அட்டை மேசையில் நிற்கும். இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன என்பதால்தான் இந்த வடிவத்துக்கே மதிப்பு.

கரித்துண்டு அவர்களே, போர்ட்ஃபோலியோவை முதலில் வரைந்துவிட்டு அட்டையை அதன் ஓரத்தில் ஒட்டவைப்பதைவிட, அட்டையிலிருந்து தொடங்கி வெளிநோக்கி அமைப்பதே சரி. அட்டைக்கு மட்டுந்தான் வெளியிலிருந்து விதிகள் வருகின்றன. உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி அஞ்சலட்டை குறைந்தது 90×140 மி.மீ. இருக்க வேண்டும்; 120×235 மி.மீ. அளவைத் தாண்டக்கூடாது, நீளம் அகலத்தைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்காவது இருக்க வேண்டும்; செவ்வகமாகவும், கையாளும்போது மடங்காத விறைப்போடும் இருக்க வேண்டும். உங்கள் 97×210 அட்டை இந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஆயினும் அவ்வளவு ஒடுங்கி நீண்ட அட்டை எளிதில் வளையும். மேலும் பல நாடுகளின் உள்நாட்டு விதிகள் இதைவிட இறுக்கமாக இருக்கக்கூடும் என்பதால், அஞ்சலட்டைக் கட்டணத்துக்குரிய அளவை உங்கள் அஞ்சல் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. 105×148 மி.மீ. என்ற ஏ6 அளவையோ அதற்கு ஒட்டிய அளவையோ எடுத்துக்கொண்டால் சிக்கல் மிகக் குறைவு.

பதில் அட்டை பற்றி: பதில் எழுதுவதற்கான மறுபாதியோடு சேர்ந்த இரட்டை அஞ்சலட்டைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே பல நாடுகளில் புழங்கின, ஆகவே உங்கள் எண்ணம் புதியதல்ல. ஆனால் அவற்றில் பதிலுக்குரிய கட்டணமும் முன்பே செலுத்தப்பட்டிருக்கும். உங்கள் அட்டைக்கு அஞ்சல்தலை ஒட்டப்போவது யார்? வேலைப்பளுவில் இருக்கும் கலை இயக்குநர் அஞ்சல்தலை தேடி வாங்கி ஒட்டிப் பாராட்டு எழுதுவார் என்று நான் நம்பவில்லை. பெறுபவர் கட்டணம் செலுத்தும் வணிகப் பதில் அட்டைக்கு முன் அனுமதியும் வரையறுத்த அமைப்பும் தேவைப்படும்; சில நூறு படிகளுக்கு அது வீண் அலைச்சல். முகவரி இடத்தை வெறுமையாக விட்டு, ஒரு முழுப் படத்தைக் கொண்ட அட்டையாக வையுங்கள்.

நறுக்குக்கத்தி:

நான் புத்தகக் கட்டுமானத் தொழிலில் இருக்கிறேன். மேலே சொன்ன ஏ6 அளவை வைத்துக்கொண்டு பார்த்தால், ஏ4 மும்மடிப்பைவிட நேர்த்தியான வழி ஒன்று இருக்கிறது.

ஏ3 தாள் 297×420 மி.மீ. அதை நீளவாக்கில் இரண்டாக நறுக்கினால் 148×420 அளவில் இரண்டு பட்டைகள் கிடைக்கும். ஒவ்வொரு பட்டையையும் 105 மி.மீ.க்கு ஒரு மடிப்பாக, முன்னும் பின்னும் மாற்றி மாற்றி விசிறி மடிப்பாக மடித்தால், நான்கு பகுதிகளும் எட்டுப் பக்கங்களும் கொண்ட ஏ6 மடிப்பேடு ஆகிவிடும். நான்காம் பகுதிதான் அஞ்சலட்டை. விசிறி மடிப்பில் எந்தப் பகுதியும் இன்னொன்றுக்குள் நுழைவதில்லை. அதனால் உங்கள் 97 போன்ற குறைப்புக் கணக்கும் தேவையில்லை. மடித்த ஏடு 114×162 அளவுள்ள சி6 உறைக்குள் தாராளமாகப் போகும்.

இந்த அமைப்பின் உண்மையான ஆதாயம் தாளின் நார்த்திசையில் இருக்கிறது. அச்சகத்தில் இதைக் கிரெயின் என்பார்கள். நாரின் போக்கில் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் பரப்பு வெடிக்கும். நாரின் போக்கில் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் பிசிறடிக்கும். அட்டையோ நார் ஓடும் நீளத்தில்தான் விறைப்பாக நிற்கும். பெரும்பாலான வடிவங்களில் இந்த மூன்று தேவைகளும் ஒன்றோடொன்று மோதும். இங்கே மடிப்புகள், கிழிக்கும் கோடு, அட்டையின் நீண்ட பக்கம் ஆகிய மூன்றும் ஒரே திசையில் ஓடுவதால், நார் அந்தத் திசையில் இருந்தால் மூன்றும் ஒருங்கே நிறைவேறும். அதற்கு ஏ3 தாளின் 297 மி.மீ. பக்கத்துக்கு இணையாக நார் ஓட வேண்டும். ஏ3 இரு திசையிலும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். தெரியாத தாளாக இருந்தால் இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள்; எப்படி வளைக்கும்போது எதிர்ப்பு குறைவாக இருக்கிறதோ, அந்த வளைவின் அச்சுக்கு இணையாக நார் ஓடுகிறது.

மடிப்புக் கோட்டின் மேலேயே பெர்ஃபரேஷன் போட்டுவிடலாம் என்று பலரும் நினைப்பார்கள். வேண்டாம். நாலைந்து முறை திறந்து மூடினாலே துளைகளுக்கு இடையிலான இணைப்புகள் அறுந்து, கேட்காமலே அட்டை கழன்றுவிடும். மடிப்பிலிருந்து 4 மி.மீ. தள்ளிப் போடுங்கள். காசோலைப் புத்தகத்தில் அடிக்கட்டை நிற்பதுபோல் அந்த 4 மி.மீ. ஏட்டோடு நின்றுவிடும். அட்டை 101×148 ஆகக் குறைந்தாலும் மேலே சொன்ன விதிகளுக்குள்தான் இருக்கிறது. அட்டை முழு 105 இருக்கட்டுமே என்று கடைசிப் பகுதியை 109 ஆக நீட்டாதீர்கள். மடித்த ஏட்டிலிருந்து அது வெளியே துருத்தி நிற்கும், ஓரமும் நசுங்கும்.

கரித்துண்டு:

இவ்வளவு விரிவான பதில்களுக்கு நன்றி. பதில் அட்டை எண்ணத்தைக் கைவிடுகிறேன். இரண்டு கேள்விகள் எழுகின்றன. நான்கு பகுதிகளிலும் தொடர்ந்து ஓடும் நீண்ட வண்ணப்படம் ஒன்றை வரைய ஆசைப்படுகிறேன். அட்டையைக் கிழித்தபின் அது என்ன ஆகும்? மேலும், ஒரு புறம் வண்ணமும் மறுபுறம் கறுப்பும் மட்டும் அச்சிட்டால் செலவு குறையும் அல்லவா?

நறுக்குக்கத்தி:

முதல் கேள்விக்கு விடை சொல்லுமுன், ஒரு வெற்றுத் தாளை இப்போதே நான்காக விசிறி மடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இதைப் படித்தால் தலை சுற்றும்.

பகுதிகள் இரட்டைப்படையில் இருக்கும்போது, மூடிய ஏட்டின் முன்னட்டை, பின்னட்டை இரண்டும் தாளின் ஒரே புறத்தில் விழும். அதை வெளிப்புறம் என்று வைத்துக்கொள்வோம். முகப்பு முதற்பகுதியின் வெளிப்புறம். பின்னட்டையாக நிற்பது நான்காம் பகுதியின் வெளிப்புறம், அதாவது அஞ்சலட்டையின் படம். முகவரிப் பக்கம் உட்புறத்தில் மூன்றாம் பகுதியை ஒட்டி மறைவாக இருக்கும். இதுவரை எல்லாம் அழகு.

இப்போது நான்காம் பகுதியைக் கிழித்துவிடுங்கள். மீதி மூன்று பகுதிகள், ஒற்றைப்படை. ஏட்டை மூடிப் பாருங்கள். பின்னட்டையாக இப்போது நிற்பது மூன்றாம் பகுதியின் உட்புறம். அதுவரை உள்ளே கிடந்த பக்கம் இனி ஏட்டின் முதுகு. ஆகவே உங்கள் பெயர், தொலைபேசி எண், இணைய முகவரி எல்லாம் அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அவற்றை அஞ்சலட்டையில் மட்டும் போட்டால், யாரோ ஒருவர் அட்டையைச் சுவரில் குத்தியதும் போர்ட்ஃபோலியோ அநாதையாகிவிடும். அட்டையிலும் சிறிய எழுத்தில் பெயரும் இணைய முகவரியும் வேண்டும். பிரிந்தபின் இரண்டும் ஒன்றையொன்று நம்பியிருக்கக் கூடாது.

நீண்ட படத்துக்கும் இதுவே அளவுகோல். ஓடட்டும், தடையில்லை, ஆனால் முதல் மூன்று பகுதிகள் தனியாகவும் அட்டை தனியாகவும் நிறைவான படங்களாக நிற்குமாறு அமைக்க வேண்டும். முகம், கை, எழுத்து போன்றவை கிழிக்கும் கோட்டின் அருகே வரக்கூடாது. வானம், நீர், சுவர் போன்ற பரப்பு அங்கே விழுந்தால் கிழிந்த ஓரம் கண்ணை உறுத்தாது. மடிப்புக் கோடுகளிலும் அடர்ந்த கறுப்பையோ கரும்நீலத்தையோ தவிருங்கள்; டோனர் (மைத்தூள்) அச்சாக இருந்தால் அங்கேதான் முதலில் வெடிப்பு வெள்ளையாகத் தெரியும்.

இன்னொன்று: வெளிப்புறத்தை விரித்து வைத்துப் பார்க்கும்போது முகப்பு வலக்கோடியிலும் அட்டை இடக்கோடியிலும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் முகப்பு தவறான பக்கம் திறக்கும். திறந்தவுடன் கண்ணில் படுவது உட்புறமே. வெளிப்புறத்தின் நடு இரு பகுதிகள் முழுக்க விரித்துத் திருப்பினால்தான் தெரியும். உங்கள் கோட்டோவியங்கள் கறுப்பிலேயே நிறைவு பெறுபவை என்பதால் அவற்றை உட்புறத்திலும் அட்டைப்படங்களை வெளிப்புறத்திலும் வைத்தால், ஒற்றை வண்ணம் என்பது சிக்கனமாகத் தோன்றாமல் விரும்பிச் செய்த தெரிவாகத் தோன்றும்.

ஈயஎழுத்து:

அச்சுச் செலவைப் பற்றி நான் சொல்கிறேன். வழக்கமாக நினைப்பதற்கு மாறாக இதில் ஒரு முடிச்சு இருக்கிறது.

டிஜிட்டல் இயந்திரத்தில் ஒவ்வொரு தாளின் ஒவ்வொரு புறத்துக்கும் தனிக் கணக்கு. வண்ணப்புறத்துக்குக் கூடுதல், கறுப்புக்குக் குறைவு. எனவே ஒரு புறம் வண்ணம், மறுபுறம் கறுப்பு என்பது அங்கே உண்மையாகவே சிக்கனம். 320×450 மி.மீ. அளவுள்ள எஸ்ஆர்ஏ3 தாளில் இரண்டு பட்டைகளும் அடங்கும்: ஒவ்வொன்றுக்கும் சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி அச்சாகும் உபரி ஓரம்) விட்டால் மொத்தம் 308×426. ஓரத்தில் அச்சு விழாத இடத்துக்கும் வெட்டுக்குறிக்கும் மீதி போதும். சாதாரண ஏ3 தாளில் அச்சிட்டால் படம் ஓரம் வரை போக இயலாது, வெள்ளை விளிம்பு வைத்தாக வேண்டும்.

ஆஃப்செட்டில், அதாவது நிறத்துக்கு ஒரு பிளேட் (அச்சுத்தகடு) செய்து அடிக்கும் முறையில், கதை வேறு. வெளிப்புறத்துக்கு நான்கு பிளேட், உட்புறத்துக்குக் கறுப்பு ஒன்று என ஐந்து பிளேட் ஆகும். இதற்கு மாறாக 450×640 அளவுள்ள எஸ்ஆர்ஏ2 தாளில் நான்கு பட்டைகளை அடுக்கி, இடப்பாதியில் இரண்டு வெளிப்புறங்களையும் வலப்பாதியில் இரண்டு உட்புறங்களையும் வைத்து, ஒரு புறம் ஓட்டி முடித்ததும் தாளை இடம்வலமாகத் திருப்பி அதே பிளேட்டுகளில் மறுபுறமும் ஓட்டலாம். அப்போது நான்கு பிளேட் போதும், இரு புறமும் முழு வண்ணம். அதாவது உட்புறத்தைக் கறுப்பாக்கிச் சேமிக்க நினைப்பவர் ஒரு பிளேட்டைக் கூடுதலாக வாங்குகிறார். தாளின் நார் 640 மி.மீ. பக்கத்துக்கு இணையாக இருந்தால் நறுக்குக்கத்தி கேட்ட திசை தானாக அமைந்துவிடும்.

ஆனால் திருப்பி அடிக்கும் முறைக்கு ஒரு விலை உண்டு. அஞ்சலட்டைக்கென்றே சிலர் ஒரு புறம் பளபளப்புப் பூச்சும் மறுபுறம் பூச்சின்மையும் கொண்ட அட்டைத்தாளைப் பரிந்துரைப்பார்கள். படம் பூச்சில் மின்னும், முகவரி பூச்சில்லாத புறத்தில் பேனாவுக்கு இணங்கும். அந்தத் தாளைத் திருப்பி அடித்தால் பாதிப் படிகளில் பூச்சு முகவரிப் பக்கத்தில் வந்து சேரும். ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: நான்கு பிளேட்டும் இரு புறமும் பூச்சில்லாத தாளும், அல்லது ஒரு புறப் பூச்சுத்தாளும் ஐந்து பிளேட்டும்.

சில நூறு படி என்றால் பிளேட் பேச்சே வேண்டாம், டிஜிட்டலுக்கே போங்கள். பூச்சில்லாத தாளில் வண்ணம் சற்று அடங்கித் தெரியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். லேமினேஷன் எந்த நிலையிலும் வேண்டாம். அந்தப் படலம் தாளோடு சேர்ந்து நேராகக் கிழியாது, பேனா மையும் அதில் ஒட்டாது.

வேலை வரிசை: அச்சு, நறுக்கு, கிரீசிங் (மடிப்புக் கோட்டை முன்கூட்டி அழுத்திப் பதித்தல்), பெர்ஃபரேஷன், மடிப்பு. பெர்ஃபரேஷன் போட்ட தாளை அச்சு இயந்திரத்துக்குள் விட்டால் தூசு விழும், தாள்கள் ஒன்றோடொன்று சிக்கி இரட்டையாக இழுபடும்.

நேர்கோடு:

என் ஐயம் பாதி தீர்ந்தது. மீதிப் பாதி: அந்த அட்டையை யாரும் அஞ்சலில் போடமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். சுவரில் குத்துவார்கள். அப்படியிருக்க முகவரிப் பக்கத்துக்கு ஏன் இவ்வளவு சட்டதிட்டம்?

தபால்முத்திரை:

பெறுபவர் அனுப்பாவிட்டாலும் கரித்துண்டு அனுப்பலாமே. நேரில் சந்திக்கப் போகும்போது அட்டையை முன்பே கிழித்து வைத்துக்கொண்டு, மூன்று பகுதி ஏட்டை மட்டும் கொடுத்துவிட்டு வரலாம். சில நாள் கழித்து அந்த அட்டையிலேயே நன்றி எழுதி அவருக்கு அனுப்பினால், ஏட்டின் அடிக்கட்டையோடு பொருந்துகிற துண்டு தனியாக வந்து சேரும். அஞ்சலில் போகும் படிகளில் அட்டை இணைந்தே இருக்கட்டும். ஒரே அச்சில் இரண்டு பயன். நறுக்குக்கத்தி சொன்னபடி மீதி ஏடு தன்னளவில் முழுமையாக இருந்தால்தான் இது நடக்கும்.

முகவரிப் பக்கம் படுக்கைவாக்கில் அமைய வேண்டும். வலப்பாதி முகவரிக்கும் அஞ்சல்தலைக்கும் உரியது. செய்தி, பெயர், படக்குறிப்பு எல்லாம் இடப்பாதியில். கிழிந்த ஓரம் நீண்ட பக்கமாக வருவதால் அதை மேலே வையுங்கள்; பிரிப்பு இயந்திரங்களில் அஞ்சல் கீழ் விளிம்பில் நின்று ஓடும் என்பதால் கீழ் விளிம்பு வழவழப்பாக இருப்பது நல்லது. கீழே ஏறத்தாழ 15 மி.மீ. எதுவும் அச்சிடாமல் விடுங்கள். இயந்திரம் தன் குறியீட்டை அங்கே பதிக்கும்.

எடை: பட்டையின் பரப்பு 0.062 சதுர மீட்டர். 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) தாளானால் 15.5 கிராம், சி6 உறை ஏறத்தாழ 4 கிராம். பல நாடுகளில் கடிதக் கட்டணத்தின் முதற்படி 20 கிராமில் முடிகிறது. அந்த எல்லையை உரசிக்கொண்டு போவது நல்லதல்ல. அஞ்சல்தலையும் டோனரும் தாள் உறிஞ்சிய ஈரமும் சேர்ந்து தாண்டிவிடலாம். 220 ஜிஎஸ்எம் என்றால் பட்டை 13.7 கிராம்தான், நிம்மதி. 300 ஜிஎஸ்எம் என்றால் பட்டை மட்டுமே 18.6 கிராம். தடிமனுக்கும் ஒரு கீழெல்லை உண்டு: அமெரிக்க அஞ்சல்துறை அட்டைக்கு 0.007 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.18 மி.மீ. கேட்கிறது. பூச்சில்லாத 220 ஜிஎஸ்எம் தாள் அதைவிடத் தடிமனாகவே இருக்கும்.

வீட்டுஅச்சு:

இயந்திரம் இல்லாதவர்களுக்காக ஒரு சொல். சுழல் கத்தியில் பொருத்தும் பல் சக்கரம் கிடைக்கிறது. உலோக அளவுகோலை ஒட்டி ஒரே அழுத்தத்தில் ஓட்டினால் ஒழுங்கான துளைவரி விழும். நூல் கோக்காத தையல் இயந்திரமும் உதவும், ஆனால் துளைகள் நெருக்கமாகிவிட்டால் தாள் அங்கேயே அறுந்துவிடும் என்பதால் தையல் நீளத்தைக் கூட்டி வையுங்கள். எந்தக் கருவியானாலும் படப்புறத்திலிருந்து குத்துங்கள். பிசிறு முகவரிப் புறத்தில் போகட்டும். இரு கோடியிலும் ஒரு சிறு இணைப்பு அறுபடாமல் முடிய வேண்டும், இல்லையேல் பையில் உரசும்போதே கிழியத் தொடங்கும். மெல்லிய தாளில் சோதித்துவிட்டு 220 ஜிஎஸ்எம்மில் ஏமாறாதீர்கள், பயன்படுத்தப்போகும் தாளிலேயே பாருங்கள்.

கரித்துண்டு:

மேலே சொன்னவற்றை வைத்து இப்படி முடிவு செய்திருக்கிறேன்: டிஜிட்டல் அச்சு, எஸ்ஆர்ஏ3, பூச்சில்லாத 220 ஜிஎஸ்எம், 320 மி.மீ. பக்கத்துக்கு இணையான நார். வெளிப்புறம் வண்ணம், உட்புறம் கறுப்பு. மூன்றாம் பகுதியின் உட்புறத்தில் பெயரும் தொடர்பு விவரங்களும். அவற்றோடு ஒரு சிறிய கோட்டோவியம், அப்போதுதான் அது உள்ளே இருக்கும்போது வெறும் விவரப்பக்கமாகத் தெரியாது. நீண்ட படத்தைக் கைவிடவில்லை; கிழிக்கும் கோட்டில் வெறும் வானம் வருமாறு மாற்றி வரைகிறேன்.

ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. மூன்று மடிப்புகளுக்கும் ஒரே பக்கத்திலிருந்து கிரீசிங் போடலாமா? அந்த 4 மி.மீ. அடிக்கட்டையில் ஏதாவது அச்சிடலாமா?

நறுக்குக்கத்தி:

ஒரே பக்கத்திலிருந்து போடக்கூடாது. கிரீசிங் போட்டதும் எழும் மேடு மடிப்பின் உட்பக்கமாக அடங்க வேண்டும். விசிறி மடிப்பில் முதலும் மூன்றும் ஒரு திசையில் மடியும், நடு மடிப்பு எதிர்த்திசையில் மடியும். ஆகவே அந்த இரண்டையும் வெளிப்புறத்திலிருந்தும் நடுக்கோட்டை உட்புறத்திலிருந்தும் அழுத்தச் சொல்லுங்கள். அச்சகத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் போட்டுவிடுவார்கள், நடு மடிப்பு வீங்கி நிற்கும். மடித்துக் கோடிட்ட டம்மி ஒன்றைக் கையோடு கொடுத்துவிடுங்கள்.

அடிக்கட்டையில் ஒரு வரி பிடிக்கும், ஆனால் நறுக்கிலும் பெர்ஃபரேஷனிலும் தலா ஒரு மி.மீ. வரை நகர்வு வரலாம் என்பதால் மீதி இடம் மிகக் குறைவு. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் நீளும் குறிகள் வேறு இருக்கின்றன. எழுத்தளவு 7 புள்ளிக்கு (பாயிண்ட்) கீழே போனால் இகரமும் ஈகாரமும் ஒன்றாகிவிடும். அங்கே எழுத்தை விட்டுவிட்டு, படத்தின் வானத்தையே நீட்டிவிடுங்கள்.